டீசல் இல்லாமல் குளிருமா கன்டெய்னர்? செஞ்சி ரோட்டில் ஒரு யூனிட் கணக்கு!

ஐஸ்க்ரீம், பனீர், உறைய வைத்த பட்டாணி, இறால், இன்சுலின்... இவையெல்லாம் நம் கைக்கு வருவதற்கு முன்பு ஏதோ ஒரு நெடுஞ்சாலையில் ராத்திரி முழுக்கப் பயணம் செய்து வந்தவை. அந்தப் பயணத்தில் பெரும்பாலும் இரண்டு இன்ஜின்கள் ஓடும். ஒன்று லாரியை இழுக்கும் பெரிய இன்ஜின். இன்னொன்று, கன்டெய்னரின் முகப்பிலோ டிரெய்லரின் அடியிலோ மாட்டப்பட்ட சின்ன டீசல் ஜெனரேட்டர். லாரி தாபா வாசலில் நின்றாலும், டோல்கேட் வரிசையில் நின்றாலும், டிரைவர் தூங்கினாலும் இந்த இரண்டாவது இன்ஜின் நிற்கக் கூடாது. நின்றால் உள்ளே இருக்கும் சரக்கு போச்சு!

இப்போது லாரியின் பெரிய இன்ஜினுக்குப் பதிலாக பேட்டரியும் மோட்டாரும் வரத் தொடங்கிவிட்டன. மத்திய அரசு 2025 ஜூலையில், பி.எம் இ-டிரைவ் திட்டத்தின் கீழ் மின்சார லாரிகளுக்கு முதன்முறையாக மானியம் அறிவித்தது. ஒரு லாரிக்கு அதிகபட்சம் 9.6 லட்சம் ரூபாய். சுமார் 5,600 லாரிகளுக்கு இது கிடைக்கும். சரி, லாரி மின்சாரத்துக்கு மாறிவிட்டது. அதன் முதுகில் இருக்கும் குளிர்ப் பெட்டிக்கு யார் கரன்ட் கொடுப்பது? லாரி பேட்டரியிலிருந்தே எடுத்தால், வண்டி பாதி வழியில் நின்றுவிடாதா? பழையபடி டீசல் ஜெனரேட்டரையே மாட்டிக்கொண்டு போனால் மின்சார லாரி வாங்கியதில் என்ன பயன்?

இந்தக் கேள்விகளுக்கு நமக்குத் தெரிந்த ஒரு ரோட்டை வைத்தே விடை தேடுவோம். அது செஞ்சி வழியாகப் போகும் ரோடு.

ஏன் செஞ்சி?

2025 ஜூலையில் செஞ்சிக்கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்கள் பட்டியலில் இடம்பிடித்தது. 'மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள்' என்ற பெயரில் சேர்க்கப்பட்ட 12 கோட்டைகளில் மகாராஷ்டிராவுக்கு வெளியே இருப்பது இது ஒன்றுதான். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என மூன்று மலைகளை இணைத்துக் கட்டிய இந்தக் கோட்டையை, 1690-களில் முகலாயப் படை சுமார் எட்டு ஆண்டுகள் முற்றுகையிட்டது. அத்தனை ஆண்டுகள் கோட்டை தாக்குப்பிடித்ததற்கு மலையும் மதிலும் மட்டுமே காரணமல்ல. உள்ளே குளங்கள் இருந்தன. கனத்த சுவரும் வளைவுக் கூரையும் கொண்ட பெரிய நெற்களஞ்சியங்கள் இருந்தன. கோட்டைக்குப் போனால் இன்றும் அவற்றைப் பார்க்கலாம். வெயில் உள்ளே இறங்காமல், ஈரம் ஏறாமல் தானியத்தைக் காக்க வேண்டும் என்ற அக்கறை அந்தக் கட்டடங்களில் தெரியும்.

இந்தக் கோட்டை ஊரின் வழியாகத்தான் கிருஷ்ணகிரி - திண்டிவனம் தேசிய நெடுஞ்சாலை 77 போகிறது. முன்பு இது புதுச்சேரி - கிருஷ்ணகிரி 66-ம் எண் நெடுஞ்சாலையாக இருந்தது. புதுச்சேரி வரை மொத்தம் 214 கிலோமீட்டர். மேற்கு முனையில் மாம்பழக் கூழுக்கும் தக்காளிக்கும் பெயர்பெற்ற கிருஷ்ணகிரி மாவட்டம். அதற்கும் மேலே ரோஜாவும் காய்கறியும் விளையும் ஓசூர். கிழக்கு முனையில் கடற்கரை. நடுவில் ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை. நெல்லும் வேர்க்கடலையும் வந்து குவியும் செஞ்சி மார்க்கெட் கமிட்டியும் இந்த வழியில்தான். திண்டிவனத்தில் சிப்காட் உணவுப் பூங்காவும் இருக்கிறது. திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கு ரயில் பாதை போடும் திட்டம் ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டே இருப்பதால், இந்தப் பக்கத்துச் சரக்குக்கு லாரிதான் கதி.

ஐஸ் ஹவுஸிலிருந்து ஒரு சிறிய வரலாறு

குளிரைச் சுமந்துகொண்டு தூரதேசம் போவது சென்னைக்குப் புதிதல்ல. மெரினா கடற்கரை எதிரே இருக்கும் விவேகானந்தர் இல்லத்தின் பழைய பெயர் 'ஐஸ் ஹவுஸ்'. 1840-களில் அமெரிக்காவின் பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் உறைந்த பனிக்கட்டியை வெட்டி, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் மாதக்கணக்கில் கொண்டுவந்து அங்கே வைத்து விற்றார்கள். ஃபிரெடரிக் டியூடர் என்ற வியாபாரியின் யோசனை அது. இன்ஜின் கிடையாது, மின்சாரம் கிடையாது. மரத்தூள் மட்டும்தான். அப்படியும் கணிசமான பனிக்கட்டி உருகாமல் வந்து சேர்ந்தது. வெப்பத்தை உள்ளே விடாமல் தடுத்தால் பாதி வேலை முடிந்தது என்ற பாடம் அப்போதே கிடைத்துவிட்டது.

லாரியில் குளிரூட்டும் இயந்திரம் பொருத்தும் யோசனை வந்தது 1938-ல். வெயிலில் ஒரு லோடு கோழி இறைச்சி கெட்டுப்போன கதையை நண்பர் சொல்லக் கேட்ட ஜோசப் நியூமெரோ என்ற அமெரிக்கத் தொழிலதிபர், தன்னிடம் வேலை பார்த்த ஃபிரெடரிக் மெக்கின்லி ஜோன்ஸிடம் அந்த வேலையை ஒப்படைத்தார். ஜோன்ஸ் சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தவர். பள்ளிப் படிப்பைத் தாண்டாத கறுப்பினத்தவர். மெக்கானிக் ஷாப்பில் தானாகவே தொழில் கற்றவர். சாலையின் குலுக்கலைத் தாங்கும் குளிர் இயந்திரத்தை அவர் உருவாக்கினார். அதற்குக் காப்புரிமையும் கிடைத்தது. இன்று உலகம் முழுக்க லாரிகளில் பார்க்கும் 'தெர்மோ கிங்' நிறுவனம் அதிலிருந்து பிறந்ததுதான். ஜோன்ஸ் 1961-ல் மறைந்தார். அமெரிக்காவின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் 30 ஆண்டுகள் கழித்து, 1991-ல்தான் அவர் பெயருக்கு வழங்கப்பட்டது.

பெட்டிக்கு எவ்வளவு பசி?

துறைமுகத்தில் நாம் பார்க்கும் வெள்ளை நிற 40 அடி 'ரீஃபர்' கன்டெய்னருக்குத் தேவைப்படுவது மும்முனை மின்சாரம். கப்பலிலும் துறைமுக யார்டிலும் அதற்கென்றே பிளக் பாயின்ட்கள் இருக்கும், செருகினால் போதும். பிரச்னை, கப்பலிலிருந்து இறங்கி லாரியில் ஏறியதும் தொடங்குகிறது. சாலையில் பிளக் பாயின்ட் ஏது?

எவ்வளவு கரன்ட் வேண்டும் என்பதை ஒரு கணக்காகப் பார்ப்போம். வெளியே 40 டிகிரி, உள்ளே மைனஸ் 18 டிகிரி. வித்தியாசம் 58 டிகிரி. பெட்டியின் ஆறு பக்கச் சுவர்களும் சேர்ந்து சுமார் 145 சதுர மீட்டர். உள்ளே நல்ல ஃபோம் அடைத்த சுவராக இருந்தாலும், மூன்று கிலோவாட் அளவுக்கு வெப்பம் ஓயாமல் உள்ளே கசிந்துகொண்டே இருக்கும். அதை வெளியே தள்ள கம்ப்ரஸர், காற்றைச் சுழற்ற மின்விசிறிகள், அவ்வப்போது படியும் பனியை உருக்க ஹீட்டர்... எல்லாம் சேர்த்து சராசரியாக மணிக்கு 4 யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம். கம்ப்ரஸர் முழு வேகத்தில் ஓடும்போது இது 10 கிலோவாட்டையும் தாண்டும். குளிர்ந்து நிலைபெற்ற பிறகு குறையும்.

மணிக்கு 4 யூனிட் என்றால் ஒரு நாளைக்கு 96 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டை இந்தப் பெட்டி ஏறத்தாழ ஒரே நாளில் காலி செய்துவிடும்.

இதையே டீசல் ஜெனரேட்டரில் கொடுக்கும்போது என்ன ஆகிறது? முழு வேக கம்ப்ரஸரையும் தாங்க வேண்டும் என்பதால் பெரிய ஜெனரேட்டராகத்தான் வைக்க வேண்டும். ஆனால், பெரும்பாலான நேரம் அதற்குக் கால்வாசி வேலைதான். கால்வாசி வேலைக்கு ஓடினாலும் இன்ஜின் கால்வாசி டீசலோடு நிற்பதில்லை. மணிக்கு இரண்டு முதல் நான்கு லிட்டர் வரை குடித்துவிடும். எட்டு மணி நேரப் பயணத்துக்கு மணிக்கு இரண்டரை லிட்டர் என்று வைத்தாலே 20 லிட்டர். லிட்டர் 92 ரூபாய் என்றால் 1,840 ரூபாய். லாரி ஓடுவதற்கான டீசல் கணக்கு தனி.

அதே எட்டு மணி நேரத்துக்கு மின்சாரம், கொஞ்சம் தாராளமாகவே வைத்தாலும் 40 யூனிட். பொது சார்ஜிங் நிலையத்தில் யூனிட் 20 ரூபாய் என்று வைத்தால் 800 ரூபாய். சொந்த டிப்போவில் சார்ஜ் போட்டால் இன்னும் குறையும்.

புகைக் கணக்கையும் பார்த்துவிடலாம். 20 லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 54 கிலோ கரியமில வாயு வெளியேறும். மின்சாரம் மட்டும் சுத்தமா என்று கேட்கலாம். நம் நாட்டு மின்சாரத்தில் நிலக்கரியின் பங்கு அதிகம். மத்திய மின்சார ஆணையத்தின் கணக்குப்படி யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ. 40 யூனிட்டுக்கு 28 கிலோ. முழுக்கச் சுத்தம் இல்லை, ஆனால், பாதிதான். காற்றாலையும் சூரிய மின்சாரமும் கூடக் கூட இது இன்னும் இறங்கும். தவிர, டிரைவரின் தலைமாட்டில் ராத்திரி முழுக்க 'தடதட'க்கும் சத்தமும் அவர் சுவாசிக்கும் புகையும் இல்லாமல் போகும்.

கரன்ட் கொடுக்க நான்கு வழிகள்

1. லாரி பேட்டரியிலிருந்தே எடுப்பது. லாரி பேட்டரியில் இருப்பது நேர் மின்சாரம். பெட்டி கேட்பது மும்முனை மாறு மின்சாரம். நடுவில் ஓர் இன்வெர்ட்டர் வைத்தால் போதும். வீட்டு இன்வெர்ட்டர் மாதிரிதான். ஆனால், பல மடங்கு பெரியது. செலவு குறைந்த, எளிமையான வழி. ஒரே சிக்கல்: டிரெய்லரை யார்டில் கழற்றிவிட்டு லாரி மட்டும் அடுத்த லோடுக்குக் கிளம்பினால், பெட்டிக்குக் கரன்ட் போய்விடும்.

2. டிரெய்லருக்கென்று தனி பேட்டரி. ஜெனரேட்டர் மாட்டும் இடத்தில் ஒரு பேட்டரி பெட்டியை மாட்டுவது. லாரி மாறினாலும் குளிர் மாறாது. லாரியின் ஓட்டத் தூரமும் குறையாது. ஆனால், கூடுதல் விலை, கூடுதல் எடை. எடை கூடினால் ஏற்றும் சரக்கு குறையும்.

3. சக்கரத்திலிருந்து மின்சாரம். டிரெய்லரின் அச்சில் ஒரு டைனமோவைப் பொருத்தி, இறக்கத்திலும் பிரேக் போடும்போதும் வீணாகும் சக்தியை மின்சாரமாக மாற்றுவது. கேரியர், தெர்மோ கிங் போன்ற நிறுவனங்கள் 2020-க்குப் பிறகு ஐரோப்பாவில் இப்படிப்பட்ட டிரெய்லர்களைக் கொண்டுவந்தன. பழைய சைக்கிள் டைனமோவை நினைத்துக்கொள்ளுங்கள். லைட் எரியும்போது மிதிப்பது கொஞ்சம் கனக்கும் அல்லவா? இங்கேயும் அப்படித்தான். பிரேக் பிடிக்கும்போது கிடைப்பது லாபம். சமதளத்தில் ஓடும்போது எடுத்தால், அதை லாரி பேட்டரிதான் வேறு வழியில் கொடுக்கிறது.

4. கூரையில் சூரியத் தகடு. 40 அடி டிரெய்லரின் கூரை சுமார் 30 சதுர மீட்டர். நம் ஊர் வெயிலில் நாளொன்றுக்கு 20 முதல் 25 யூனிட் எடுக்கலாம். தேவையில் கால்வாசி. பிரிட்டனில் 'சன்ஸ்வாப்' என்ற நிறுவனம் பேட்டரியையும் சூரியத் தகட்டையும் சேர்த்து இப்படிச் செய்கிறது. லாரியோடு நிரந்தரமாக இணைந்த குளிர் பாடிக்கு இது சரி. கப்பல் கன்டெய்னருக்குச் சரிப்படாது. அது ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கப்படும். அதன் சொந்தக்காரர் லாரிக்காரரும் அல்லர்.

இவற்றைத் தவிர, மின்சாரமே வேண்டாம் என்கிற வழியும் உண்டு. குறிப்பிட்ட வெப்பநிலையில் உறைந்து உருகும் ரசாயனக் கலவையை தகடுகளில் அடைத்து, இரவில் உறைய வைத்து, பகலில் பெட்டிக்குள் மாட்டிவிடுவார்கள். பழைய ஐஸ் கட்டியின் நவீன வடிவம். சென்னை ஐ.ஐ.டி-யில் வளர்ந்த 'டேன்90', மும்பையின் 'டெஸ்ஸால்' போன்ற நிறுவனங்கள் இந்த வழியில் வேலை செய்கின்றன. ஊருக்குள் சுற்றும் பால், ஐஸ்க்ரீம், மருந்து வண்டிகளுக்கு இது பொருத்தம். இரண்டு நாள் ஓடும் 40 அடிப் பெட்டிக்குப் போதாது.

கிருஷ்ணகிரி டு புதுச்சேரி: வண்டி போய்ச் சேருமா?

இப்போது நிஜக் கணக்கு. முருகப்பா குழுமத்தின் ஐ.பி.எல்.டெக் நிறுவனம் விற்கும் 55 டன் ரைனோ மின்சார லாரியை எடுத்துக்கொள்வோம். பேட்டரி சுமார் 260 யூனிட். நிறுவனம் சொல்லும் ஓட்டத் தூரம் சுமார் 185 கிலோமீட்டர். அதாவது, கிலோமீட்டருக்கு 1.4 யூனிட்.

கிருஷ்ணகிரியிலிருந்து செஞ்சி ஏறத்தாழ 148 கிலோமீட்டர். லாரிக்கு 207 யூனிட். நான்கு மணி நேரப் பயணத்தில் குளிர்ப் பெட்டிக்கு 16 யூனிட். மொத்தம் 223. செஞ்சியை எட்டும்போது பேட்டரியில் மிச்சம் 37 யூனிட். புதுச்சேரிக்கு இன்னும் 66 கிலோமீட்டர். அதற்கு 90 யூனிட்டுக்கு மேல் வேண்டும். ஆக, ஒரே சார்ஜில் போய்ச் சேராது. ஆனால், குளிர்ப் பெட்டியே இல்லாமல் போனாலும் போய்ச் சேராது என்பதைக் கவனியுங்கள்! 214 கிலோமீட்டருக்கு லாரிக்கு மட்டுமே 300 யூனிட் வேண்டும். வழியில் நிறுத்தி சார்ஜ் போட வைப்பது லாரிதான். பெட்டி அதோடு சுமார் எட்டு சதவீதத்தைக் கூட்டுகிறது, அவ்வளவுதான்.

நடுவில் திருவண்ணாமலையிலோ செஞ்சியிலோ ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் நின்றால் தீர்ந்தது. எப்படியும் டிரைவர் சாப்பிட, கண்ணயர நிற்கத்தான் வேண்டும். கிழக்கே வரும்போது பாதை மொத்தத்தில் இறக்கம். பிரேக் பிடிக்கும்போது பேட்டரிக்குக் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும். மேற்கே திரும்பும்போது ஏற்றம்; அப்போது லோடோடு போனால் இன்னும் கவனம் தேவை.

இதில் பலரும் விட்டுவிடும் ஒரு விஷயம் இருக்கிறது. சார்ஜிங் நிலையம் கட்டும்போது லாரிக்கான சார்ஜர் மட்டும் வைத்தால் போதாது. பக்கத்திலேயே பெட்டிக்கான மும்முனை பிளக் ஒன்றும் வேண்டும். லாரிக்கு நூறு, இருநூறு கிலோவாட் கொடுக்கும் இடத்தில் இன்னொரு 10 கிலோவாட் பெரிய செலவே அல்ல. அது இருந்தால், டீசல் லாரியில் வரும் குளிர்ப் பெட்டியும் நிறுத்தி வைக்கும் நேரத்தில் ஜெனரேட்டரை அணைத்துவிட்டு கரன்ட் எடுத்துக்கொள்ளலாம். மின்சார லாரி வாங்க வசதியில்லாத உரிமையாளருக்கும் நாளையே பயன்படக்கூடிய ஏற்பாடு இது.

பெட்டி ஃப்ரிட்ஜ் அல்ல!

ரீஃபர் கன்டெய்னரைப் பற்றிப் பலருக்கும் ஒரு தவறான எண்ணம் உண்டு. சூடான சரக்கை உள்ளே போட்டால் அது குளிர வைத்துவிடும் என்பது. நிஜத்தில், ஏற்கெனவே குளிர்ந்த சரக்கை அதே குளிரில் காப்பதுதான் அதன் வேலை.

மத்தியானம் 35 டிகிரி சூட்டில் தோட்டத்திலிருந்து வந்த 20 டன் தக்காளியை அப்படியே ஏற்றி, 12 டிகிரிக்குக் குளிர வைக்கச் சொன்னால் என்ன ஆகும்? அந்தத் தக்காளியிலிருந்து வெளியே எடுக்க வேண்டிய வெப்பம் சுமார் 500 யூனிட்டுக்குச் சமம். அதற்கு கம்ப்ரஸர் தின்னும் மின்சாரம் சுமார் 250 யூனிட். கிட்டத்தட்ட ரைனோ லாரியின் முழு பேட்டரி! பெட்டியின் குளிரூட்டும் திறனுக்கு இதை முடிக்க இரண்டு நாள் ஆகும். அதற்குள் லாரி போக வேண்டிய ஊருக்கே போய்ச் சேர்ந்துவிடும்.

அதனால்தான், மின்சார லாரியை வாங்குவதற்கு முன்பே, விளைந்த இடத்துக்குப் பக்கத்தில் முன்குளிரூட்டும் அறை வேண்டும். விடியற்காலையில் பறித்து, நிழலில் வைத்து, அறையில் குளிர வைத்து, பிறகு ஏற்ற வேண்டும். கிருஷ்ணகிரி, தர்மபுரி பகுதிகளில் வேளாண் விற்பனைத் துறை அமைத்துள்ள முதன்மைப் பதப்படுத்தும் நிலையங்கள் இதற்காகத்தான். புனேயின் 'ஈகோசென்' போன்ற நிறுவனங்கள் சூரிய சக்தியில் ஓடும் சிறிய குளிர் அறைகளையும் விற்கின்றன.

இந்த வித்தையை ஏற்கெனவே நன்றாகத் தெரிந்து வைத்திருப்பவர்கள் பால்காரர்கள். கிராமத்துக் குளிரூட்டும் நிலையத்தில் பாலை 4 டிகிரிக்குக் கொண்டுவந்து, வெப்பம் புகாத டேங்கரில் ஏற்றி அனுப்பிவிடுகிறார்கள். பெரும்பாலான பால் டேங்கர்களில் குளிர் இயந்திரமே கிடையாது. அப்படியும் பால் கெடாமல் சென்னைக்கு வந்து சேர்கிறது. ஏனென்றால், குளிர வைக்கும் வேலை முன்பே முடிந்துவிட்டது.

முன்குளிரூட்டல் இல்லாததன் விலையை விவசாயிதான் கொடுக்கிறார். லூதியானாவில் இருக்கும் அறுவடைக்குப் பிந்தைய தொழில்நுட்ப மத்திய ஆய்வு நிறுவனம் 2015-ல் வெளியிட்ட ஆய்வின்படி, தக்காளியில் 12 சதவீதத்துக்கு மேல் அறுவடையிலிருந்து கடைக்குப் போவதற்குள் வீணாகிறது. அதே ஆண்டு தேசிய குளிர்ச் சங்கிலி மேம்பாட்டு மையம் வெளியிட்ட கணக்கு இன்னும் திகைக்க வைத்தது. நாட்டுக்குத் தேவையான குளிர் வாகனங்கள் சுமார் 62,000. அப்போது இருந்தவை 10,000-க்கும் குறைவு. விலை விழும்போது தக்காளியை ரோட்டில் கொட்டும் காட்சியை நாம் ஆண்டுதோறும் பார்க்கிறோம். நான்கு நாள் தள்ளி விற்க வழி இருந்தால் அந்த விவசாயி கொட்டியிருக்க மாட்டார்.

புயல் வந்தால்?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மயிலம், புதுச்சேரி பகுதிகளில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை. அடுத்த நாள் இதே செஞ்சி ரோட்டின் மறுபக்கத்தில், ஊத்தங்கரையிலும் 50 சென்டிமீட்டர். விழுப்புரம் மாவட்டத்தில் சாலைகள் மூழ்கின. சென்னை - திருச்சி நெடுஞ்சாலையிலேயே போக்குவரத்து நின்றது. பல ஊர்களில் கரன்ட் இல்லை. அப்படி ஒரு நாளில் 20 டன் இறாலோடு மின்சார லாரி ஒன்று நடுவழியில் மாட்டிக்கொண்டால்?

நிற்கும் லாரிக்கு மோட்டார் செலவு இல்லை. பேட்டரியில் பாதி இருந்தால், அதாவது 130 யூனிட் இருந்தால், பெட்டியை 32 மணி நேரம் குளிரில் வைக்கலாம். அதுவும் தீர்ந்துவிட்டால்? நன்றாக உறைந்த சரக்கு, கதவைத் திறக்காமல் விட்டால், சராசரியாக ஒரு நாளைக்கு ஆறு டிகிரி அளவுக்கே சூடேறும். ஓரத்து அட்டைப்பெட்டிகள் முதலில் இளகும். நடுவில் இருப்பவை தாங்கும். காய்கறி அப்படியல்ல. அது உயிருள்ள பொருள். தானாகவே வெப்பத்தை வெளியிடும். சில மணி நேரத்திலேயே புழுங்கத் தொடங்கிவிடும்.

டீசலுக்கு இங்கே ஒரு வசதி இருப்பதை மறுக்க முடியாது. ஜெனரேட்டரின் டேங்க் நிறைந்திருந்தால் இரண்டு மூன்று நாள் ஓடும். தீர்ந்தால் கேனில் வாங்கி வந்து ஊற்றலாம். மின்சாரத்தைக் கேனில் வாங்கி வர முடியாது. அதனால், மின்சார லாரியில் குளிர்ப் பெட்டி இழுப்பவர்கள் பேட்டரியில் ஒரு பங்கைத் தொடாமல் பெட்டிக்கென்றே ஒதுக்கி வைப்பது நல்லது. 260-ல் 50 யூனிட் ஒதுக்கினால் 12 மணி நேரம் உத்தரவாதம். ஓட்டத் தூரம் அதற்கேற்பக் குறையும் என்பதையும் கணக்கில் சேர்த்துத்தான் வழியில் சார்ஜ் போடும் இடங்களைத் திட்டமிட வேண்டும்.

இதில் ஒரு நல்ல பக்கமும் உண்டு. இன்வெர்ட்டர் உள்ள லாரி, நகரும் மின்நிலையம் மாதிரி. கரன்ட் இல்லாத ஊரில் தடுப்பூசி வைத்திருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ, பால் குளிரூட்டும் நிலையத்துக்கோ சில மணி நேரம் கைகொடுக்கலாம்.

யார் செலவு? யாருக்கு லாபம்?

மின்சார லாரியின் விலை டீசல் லாரியைவிட இன்னும் மிக அதிகம். அரசு மானியம் அதில் ஒரு பகுதியைத்தான் ஈடுகட்டும். அதனால், இப்போதைக்கு ஒரே வழியில் தினமும் போய் வரும் பெரிய நிறுவனங்களும் துறைமுகங்களும்தான் முன்னே போகின்றன. 2025 செப்டம்பரில் மும்பை அருகே நவசேவா துறைமுகத்தில், பேட்டரியைக் கழற்றி மாற்றிக்கொள்ளும் கனரக மின்சார லாரிகள் ஓடத் தொடங்கின. சார்ஜ் ஏறும்வரை காத்திருக்கத் தேவையில்லாத இந்த முறை, குளிர்ச் சரக்குக்கு ரொம்பவே பொருத்தம்.

ஒன்றிரண்டு லாரி வைத்திருக்கும் உரிமையாளர்கள்தான் நம் நெடுஞ்சாலைகளில் அதிகம். அவர்களுக்கு மானியத்தைவிடக் கடனும், வழியில் நம்பகமான சார்ஜிங் வசதியும் முக்கியம். திண்டிவனத்திலிருந்து கிருஷ்ணகிரி வரை மூன்று நான்கு இடங்களில் லாரி நிற்கும் அளவுக்கு இடமும், சார்ஜரும், குளிர்ப் பெட்டிக்கு பிளக்கும், டிரைவருக்குக் கழிப்பறையும் படுக்கையும் இருந்தால் இந்த வழியில் மின்சாரக் குளிர் லாரி ஓடுவது சாத்தியம்தான் என்கிறது மேலே போட்ட கணக்கு.

நுகர்வோருக்கும் ஒரு லாபம் உண்டு. டீசலை மிச்சப்படுத்த வழியில் குளிர் இயந்திரத்தை அணைத்துவிட்டு, ஊர் நெருங்கும்போது மறுபடி போடுவது இந்தத் தொழிலில் நெடுநாளாக இருக்கும் புகார். டீசல் காசை டிரைவர் தலையில் கட்டும் முதலாளிகள் இருக்கும்வரை அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பெட்டிக்கான மின்சாரம் லாரி பேட்டரியிலிருந்தே போகும்போது, அணைத்து மிச்சம் பிடிக்கும் தேவை குறையும். எப்போது ஓடியது, எவ்வளவு குளிர் இருந்தது என்ற பதிவும் நிமிஷக் கணக்கில் இருக்கும்.

வாங்கும்போது கவனியுங்கள்!

சாலையில் குளிர் அறுந்ததா என்பதை நம் வீட்டுச் சமையலறையிலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம்.

* ஐஸ்க்ரீம் மூடியின் அடியில் கரடுமுரடான பனித்துகள் இருந்தாலோ, டப்பாவில் அளவு இறங்கியிருந்தாலோ, அது ஒருமுறை உருகி மறுபடி உறைந்திருக்கலாம்.

* உறைய வைத்த பட்டாணியைப் பாக்கெட்டோடு குலுக்கிப் பாருங்கள். மணி மணியாகக் குலுங்க வேண்டும். ஒரே கட்டியாக இருந்தால் தவிர்த்துவிடுங்கள்.

* இறால், மீன் பாக்கெட்டில் ஒரு மூலையில் மட்டும் சிவந்த நீர் கட்டியாக உறைந்திருந்தால், நடுவில் இளகியிருக்கிறது என்று அர்த்தம்.

* இன்சுலின் வாங்கும்போது ஐஸ் பேக்கோடு கேட்டு வாங்குங்கள். ஆனால், மருந்து ஐஸை நேரடியாகத் தொடக் கூடாது. திறக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரிதான் கணக்கு. உறைந்துவிட்டால் அதைப் பயன்படுத்தக் கூடாது.

* கடைசியாக வாங்க வேண்டியவை குளிர்ப் பொருள்கள். காய்கறி, மளிகை எல்லாம் முடித்துவிட்டு இவற்றை எடுத்தால், வீடு வரை வரும் கடைசிச் சில கிலோமீட்டரிலாவது குளிர் தங்கும்.